மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் காதலும் காமமும்

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. அவர்களில் ஒருவர் ஆட்ட நடத்துநர். கதை நிகழும் உலகையும், மற்றவர்கள் ஏற்காத எல்லாப் பாத்திரங்களையும் அவரே பார்த்துக்கொள்வார். ஒரு செயல் பலிக்குமா என்ற ஐயம் எழும்போது பகடை உருட்டி முடிவு காண்பார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த விளையாட்டு.

வாள்வீச்சுக்கும் மந்திரத்துக்கும் அந்த விளையாட்டில் விரிவான விதிகள் உண்டு. ஆனால் ஒரே பாத்திரத்தை மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் ஆடுகிறவர்களின் கதைக்குள் காதல் வராமல் இருப்பதில்லை. சத்திரக்காரரின் மகளோடு ஒரு பேச்சு, உடன் வரும் வீரன் மேல் ஓர் ஈர்ப்பு, அரசியல் காரணத்துக்காக ஒரு திருமணம் என்று ஏதாவது ஒரு வழியில் வந்து சேரும். அதை எப்படி ஆடுவது, எதுவரை ஆடுவது, யாருடைய ஒப்புதலோடு ஆடுவது என்பவை இத்துறையில் நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட கேள்விகள்.

நாவலிலும் திரைப்படத்திலும் இல்லாத சிக்கல்

நாவலில் வரும் படுக்கையறைக் காட்சி பிடிக்கவில்லை என்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். திரைப்படத்தில் நடிப்பவர்களுக்கு முன்கூட்டியே எழுதிய வசனம் உண்டு, ஒத்திகை உண்டு, ஒப்பந்தம் உண்டு. பாத்திரமேற்பு விளையாட்டில் இவை எதுவுமே கிடையாது. அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆடுபவர்தான் ஆசிரியர், நடிகர், பார்வையாளர் எல்லாம். காதல் வசனம் பேசும் குரல் எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பருடையது. பெரும்பாலும் அது ‘நான்’ என்று தன்மையில் பேசப்படுகிறது.

சண்டைக் காட்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். என் பாத்திரத்தை இன்னொருவரின் பாத்திரம் கோடரியால் வெட்டினால் எனக்கு ஒன்றும் வலிக்காது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் கோடரிச் சண்டை போட்டுப் பழகியவர்களும் அல்லர். ஆனால் ஒருவர் நம் பாத்திரத்தை நோக்கி ஆசை வார்த்தை சொல்லும்போது அந்த வார்த்தை நிஜமாகவே நம் காதில் விழுகிறது. அவமதிப்பு, வற்புறுத்தல், வேண்டாத தொடுகை ஆகியவற்றை வாழ்வில் அனுபவித்தவர்கள் எந்த மேசையிலும் இருக்கக்கூடும். அதை அவர்கள் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆகவே இங்கே இரண்டு ஒப்புதல்கள் இருக்கின்றன. ஒன்று பாத்திரத்தின் ஒப்புதல், மற்றொன்று ஆடுபவரின் ஒப்புதல். பாத்திரம் மறுக்கலாம், ஆடுபவர் அந்தக் காட்சியை ரசித்து ஆடலாம். நிறைவேறாத காதலைப் பற்றிய கதைகள் எல்லாம் இப்படித்தான் அமைகின்றன. இதற்கு நேர்மாறாக, பாத்திரம் ‘சம்மதம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, ஆடுபவர் நெளிந்துகொண்டிருக்கவும் கூடும். பகடைக்கும் விதிநூலுக்கும் தெரிவது முதல் ஒப்புதல் மட்டுமே. இத்துறையில் எழுந்த பூசல்களில் பெரும்பாலானவை இரண்டாவதை முதலாவதோடு சேர்த்துக் குழப்பியதால் வந்தவை.

தொடக்க கால விதிநூல்கள்

இவ்விளையாட்டு போர் விளையாட்டு ஆர்வலர்களிடையே பிறந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களை விதிநூல்கள் பார்த்த விதத்தில் அந்தச் சாயல் அப்பட்டமாகத் தெரியும். 1976இல் ‘தி டிராகன்’ இதழின் மூன்றாம் எண்ணில் லென் லகோஃப்கா எழுதிய கட்டுரை, பெண் பாத்திரங்களுக்கென்று ‘அழகு’ என்ற தனி மதிப்பெண்ணையும் ஆண்களை மயக்கும் ஆற்றல்களையும் முன்மொழிந்தது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேடு பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களை விடக் குறைந்த உச்சவரம்பு விதித்தது. 1979இல் வெளியான ஆட்ட நடத்துநர் கையேட்டில், நகரத் தெருவில் எதிர்ப்படும் விலைமாதர் எப்படிப்பட்டவர் என்று பகடை உருட்டிக் கண்டுபிடிக்க ஒரு பட்டியலே இருந்தது. பத்துக்கும் மேற்பட்ட வகைகள் அதில் உண்டு. அவர்களில் ஒருத்திக்கும் பெயர் கிடையாது. காமம் அங்கே கதையாக வரவில்லை, தெருவில் தட்டுப்படும் ஒரு பொருளாகவே வந்தது.

இதிலிருந்து முற்றிலும் வேறான பாதையைக் காட்டியது கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கி 1985இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட ‘பென்டிராகன்’. ஆர்தர் மன்னனின் வீரர்களாக ஆடும் விளையாட்டு இது. ஒவ்வொரு வீரனின் குணமும் எதிரெதிர் இணைகளாக எழுதப்பட்டிருக்கும். இரக்கம் ஒரு பக்கம் என்றால் கொடுமை மறுபக்கம். கற்பொழுக்கம் ஒரு பக்கம் என்றால் காமம் மறுபக்கம். இணையின் இரு எண்களையும் கூட்டினால் 20 வரும், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒரு குணம் மிக உயர்ந்துவிட்டால், ஆடுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வீரன் அந்தக் குணத்துக்கேற்ப நடந்துகொள்ள நேரலாம். இவற்றோடு விசுவாசம், வெறுப்பு, காதல் போன்ற ‘பேருணர்வு’களும் உண்டு. காதலின் பெயரால் ஒரு வீரன் தன் இயல்புக்கு மீறிய வலிமையைப் பெறலாம், தோற்றுப் பித்துப்பிடித்துக் காட்டுக்குள் ஓடிவிடவும் செய்யலாம்.

இந்த விளையாட்டில் என்னைக் கவர்வது அதன் ‘குளிர்காலக் கட்டம்’. ஒவ்வோர் ஆண்டின் சாகசமும் முடிந்தபின், வீரன் வீடு திரும்பி ஓய்வெடுக்கும் காலத்தைப் பகடையால் கணக்கிடுவார்கள். திருமணம் நடந்ததா, குழந்தை பிறந்ததா, பிறந்த குழந்தை பிழைத்ததா, பிரசவத்தில் மனைவி இறந்தாளா என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில் தெரியவரும். வீரன் இறந்தால் அவன் மகனை எடுத்து ஆட்டம் தொடரும். உடலுறவு ஒரு காட்சியாக எங்குமே வருவதில்லை. ஆனால் அதன் விளைவுகள் மூன்று தலைமுறைக் கதையைச் சுமக்கின்றன. காமத்தைக் காட்டாமலேயே அதற்குக் கதையில் முழுக் கனத்தையும் கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை.

2003: இரண்டு நூல்கள்

2003ஆம் ஆண்டில் இத்துறையில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று வேலார் பிராஜெக்ட் வெளியிட்ட ‘புக் ஆஃப் எராட்டிக் ஃபேன்டசி’. அப்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் விதிகளோடு இணங்கும் நூல்களைப் பிறரும் வெளியிட்டு, ‘டி20’ என்ற சின்னத்தைப் பொறித்துக்கொள்ள அனுமதித்திருந்தது. இந்த நூலின் அறிவிப்பு வந்ததும் அந்த உரிமத்தில் கண்ணியம் பற்றிய புதிய நிபந்தனைகளைச் சேர்த்தது. நூல் சின்னம் இல்லாமல், திறந்த உரிமத்தின் கீழ் மட்டும் வெளிவந்தது. பாலுறவுக்கான மந்திரங்கள், கருவுறுதலுக்கான விதிகள், ஒப்பனை செய்த புகைப்படங்கள் எனப் பக்கங்கள் நிறைந்த புத்தகம்.

மற்றொன்று ரான் எட்வர்ட்ஸ் தம்முடைய ‘சார்சரர்’ விளையாட்டுக்குத் துணைநூலாக எழுதிய ‘செக்ஸ் அண்ட் சார்சரி’. அதிலிருந்துதான் ‘கோடுகள்’, ‘திரைகள்’ என்ற இரு சொற்கள் பரவின. கோடு என்பது கதைக்குள் வரவே கூடாத பொருள். திரை என்பது கதையில் நடக்கலாம், ஆனால் காட்டக் கூடாத பொருள். பழைய தமிழ்ப் படங்களில் இரண்டு பூக்கள் உரசிக்கொள்வதைக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்களே, அதுதான் திரை. முதல் நூலை இன்று பெரும்பாலும் அதைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்காகவே நினைவுகூர்கிறார்கள். இரண்டாவது நூலைக் கண்ணால் பார்த்திராத குழுக்கள்கூட அதன் இரு சொற்களை அன்றாடம் பயன்படுத்துகின்றன. ஆடுபவர்களுக்குத் தேவைப்பட்டது கூடுதல் மந்திரங்கள் அல்ல, தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு மொழி என்பதே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது.

மயக்கும் பகடை

நடைமுறையில் அதிகம் தகராறு எழும் இடம் ஒன்று உண்டு. பேச்சுத்திறன் மிக்க பாணன் பாத்திரத்தை ஒருவர் ஆடுகிறார். வழியில் வரும் காவலரை, வணிகரை, கடைசியில் டிராகனைக்கூட மயக்கப் போவதாகச் சொல்லிப் பகடை உருட்டுகிறார். இது ஆட்டக்காரர்களிடையே பழகிப்போன நகைச்சுவை. ஒருமுறை சிரிக்கலாம். பத்தாவது முறை மற்ற நால்வரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

மயக்கப்படுவது ஆட்ட நடத்துநரின் பாத்திரம் என்றால் அவர் எளிதாகச் சமாளிக்கலாம். பகடையில் பெரிய எண் விழுந்ததால் எல்லாமே நடந்துவிடும் என்று எந்த விதிநூலும் சொல்வதில்லை. மணமான காவலர் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்துவிடலாம். அதுவே வெற்றிதான். ஆனால் மயக்கப்படுவது இன்னோர் ஆட்டக்காரரின் பாத்திரம் என்றால் நிலைமை வேறு. தம் பாத்திரம் யாரை விரும்புகிறது என்பது அநேகமாக ஓர் ஆட்டக்காரரிடம் எஞ்சியிருக்கும் கடைசி உரிமை. உயிர், செல்வம், கை கால் எல்லாவற்றையும் பகடை பறிக்கலாம். ஆசையையும் பறித்தால் ஆடுவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? அதனால்தான் பல குழுக்களில் ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுக்கிடையே மயக்கும் பகடை கிடையாது என்பது எழுதப்படாத விதியாக நிலைத்திருக்கிறது.

இந்த விதியை வேண்டுமென்றே மீறிய விளையாட்டு ஒன்று உண்டு. ஏவரி ஆல்டர் உருவாக்கி 2012இல் வெளியான ‘மான்ஸ்டர்ஹார்ட்ஸ்’. அதன் பாத்திரங்கள் ஓநாய்மனிதர், இரத்தக்காட்டேரி போன்ற வடிவில் வாழும் பதின்வயதினர். ஒருவர் இன்னொருவரை ஈர்க்க முயன்று பகடை உருட்டும்போது, ஈர்க்கப்படுபவரின் பாலோ, அவரை ஆடுபவர் முன்பே தீர்மானித்து வைத்திருந்த விருப்பமோ கணக்கில் வராது. தான் யாரால் கிளர்ச்சியுறுவோம் என்பது அந்த வயதில் ஒருவரின் கையில் இல்லை, அதைத் திடுக்கிட்டுக் கண்டுகொள்வதே அந்தப் பருவம் என்பது இவ்விதியின் அடிப்படை. தன்பால் ஈர்ப்பை உணரத் தொடங்கும் ஒருவரின் குழப்பத்தை இந்த ஒரு விதி நுட்பமாகப் பிடித்துவிடுகிறது.

ஆனாலும் ஒரு பாதுகாப்பை ஆல்டர் விட்டுவைத்திருக்கிறார். ஈர்ப்பு ஏற்பட்டதா என்பதைப் பகடை சொல்லும். அதற்கு எப்படி எதிர்வினையாற்றுவது என்பதை ஈர்க்கப்பட்ட பாத்திரத்தை ஆடுபவர் தேர்ந்தெடுப்பார். வெட்கப்பட்டு உளறலாம், ஒரு வாக்குறுதி கொடுக்கலாம். மேலும், இந்த விளையாட்டை மேசையில் எடுத்து வைக்கும்போதே எதற்கு உட்காருகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். டிராகன் வேட்டைக்கு என்று வந்தவரிடம் இதே விதியைத் திடீரென்று நீட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. பாத்திரங்கள் பள்ளி வயதினர் என்பதால், ஈர்ப்பையும் அதன் குழப்பத்தையும் தாண்டி உடல்சார்ந்த எதையும் காட்சியாக்க இங்கே இடமில்லை என்பது என் கருத்து. ஆடுபவர்கள் அனைவரும் பெரியவர்களாக இருந்தாலும் அதுவே சரி.

காதலையே ஆட்டமாக்கியவை

காதலை மையமாக வைத்த விளையாட்டுகள் 2005இலிருந்து வேகம் பெற்றன. அவ்வாண்டு கிரீன் ரோனின் நிறுவனம் காதல் சார்ந்த மிகைக்கற்பனைக் கதைகளின் மரபில் ‘புளூ ரோஸ்’ விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டில் எமிலி கேர் பாஸ் இருவர் மட்டுமே ஆடும் ‘பிரேக்கிங் தி ஐஸ்’ விளையாட்டை உருவாக்கினார். இரு பாத்திரங்களின் முதல் மூன்று சந்திப்புகளே அதன் முழுக்கதை. ஆடும் இருவரும் தங்களுக்கிடையே உள்ள ஏதாவதொரு வேறுபாட்டை எடுத்துப் பாத்திரங்களில் மாற்றிக்கொள்வார்கள். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் ஆடலாம், நகரத்தவர் கிராமத்தவராக ஆடலாம். மற்றவரின் இடத்தில் நின்று பார்க்கும் பயிற்சி விதியிலேயே இருக்கிறது.

அலெக்ஸ் ராபர்ட்ஸின் ‘ஸ்டார் கிராஸ்ட்’ (2019) இன்னும் எளிது. சேரவே கூடாத இருவர், ஆனால் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். மேசை நடுவில் மரக்கட்டைக் கோபுரம் ஒன்று. நெருங்கி வரும் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் இருவரும் தங்கள் உணர்வுக்கு இணங்கிவிடுகிறார்கள். கட்டையை உருவும் விரலின் நடுக்கம் பாத்திரத்தின் தயக்கமாகவே மாறிவிடுகிறது. கொச்சையாக ஒரு சொல்கூடத் தேவைப்படாமல், பார்ப்பவர்களையும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் ஆட்டம் இது.

மேசையை விட்டெழுந்து உடலோடு நடித்து ஆடும் நேரடிப் பாத்திரமேற்பில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. சுவீடனில் 2003இல் நடந்த ‘மெல்லன் ஹிம்மெல் ஓக் ஹாவ்’ என்ற ஆட்டத்துக்காக எலியட் வீஸ்லாண்டர் ‘ஆர்ஸ் அமாண்டி’ என்ற முறையை வகுத்தார். பாத்திரங்களின் நெருக்கத்தை ஆடுபவர்கள் ஒருவர் கைகளையும் புயங்களையும் மற்றவர் தொடுவதாலும் பார்வையாலும் மட்டுமே காட்டுவார்கள். எங்கே தொடலாம் என்பது முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால் துணிந்து நடிக்க முடிகிறது.

எக்ஸ் அட்டையும் அதன் எல்லையும்

2013இல் ஜான் ஸ்டாவ்ரோபவ்லோஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் அட்டை இன்று மிகப் பரவலான பாதுகாப்புக் கருவி. ஓர் அட்டையில் எக்ஸ் என்று எழுதி மேசை நடுவில் வைப்பார்கள். நடப்பது ஒவ்வாதபோது யாரும் அதைத் தொடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு ஆட்டம் தொடரும். தன் கதையை விளக்க வேண்டிய சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏற்றாததுதான் இதன் பெருமை.

ஆனால் ‘அட்டை இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2020இல் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பான ஓர் ஆட்டத் தொடரில், ஆட்ட நடத்துநர் தம் பாத்திரம் ஒன்றின் மூலம் ஓர் ஆட்டக்காரரின் இயந்திர மனிதப் பாத்திரத்தின் மேல் அதன் ஒப்புதலின்றிப் பாலியல் செயலை நிகழ்த்தினார். மேசையில் இருந்தவர்களின் சங்கடம் பார்வையாளர்களுக்கே தெரிந்தது. ஆனாலும் காட்சி முடிவுவரை நடந்தது. பிறகு கண்டனம் எழுந்து தொடர் நிறுத்தப்பட்டது. அந்த ஆட்ட நடத்துநர் அனுபவமற்றவர் அல்லர். விளையாட்டு வடிவமைப்பில் பெயர் பெற்றவர்.

இதிலிருந்து தெரிவது, அதிர்ச்சியில் இருப்பவர் கையை நீட்டி அட்டையைத் தொடுவார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே. பலர் உறைந்துபோவார்கள், சிலர் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எளிது. அதனால் நிறுத்தும் கருவியை விட முன்கூட்டிக் கேட்கும் பழக்கத்துக்கே அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். ‘இந்தக் காட்சியில் காதல் வந்தால் உங்களுக்குச் சரிதானா?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். கதையின் ஓட்டம் கெட்டுவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். பகடை எண்ணைக் கூட்டிக் கழிக்கவும் விதிநூலைப் புரட்டவும் நிமிடக்கணக்கில் ஆட்டத்தை நிறுத்துபவர்கள் சொல்லும் வாதம் இது. ‘என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்’ என்ற சாக்குக்கும் இதே பதில்தான்: பாத்திரத்தை எழுதியது நீங்கள், அதை வேறு மாதிரி எழுதவும் உங்களால் முடியும்.

கசிவு

பாத்திரத்தின் உணர்வு ஆடுபவருக்குள்ளும், ஆடுபவரின் உணர்வு பாத்திரத்துக்குள்ளும் ஊறுவதைக் ‘கசிவு’ என்கிறார்கள். 2007இல் இச்சொல்லை இந்தப் பொருளில் அறிமுகப்படுத்தியவரும் எமிலி கேர் பாஸ்தான். மூன்று மாதமாகக் காதலர்களாக ஆடும் இருவருக்கு உண்மையிலேயே ஒரு தவிப்பு வருவதில் வியப்பில்லை. அது குற்றமும் இல்லை. கதையைச் சாக்காக வைத்து மறைமுகமாகத் தூது விடுவதுதான் தவறு. மற்றவரால் அதைக் கதை என்றும் ஏற்க முடியாது, நிஜம் என்றும் மறுக்க முடியாது.

கசிவைக் கட்டுக்குள் வைக்கத் தமிழ் இலக்கணம் சொல்லித்தந்த ஒரு வேறுபாடே கைகொடுக்கும். ‘நான் உன் கையைப் பிடிக்கிறேன்’ என்பதைத் தன்மையில் சொல்லாமல், ‘அவன் அவள் கையைப் பிடிக்கப் பார்க்கிறான்’ என்று படர்க்கையில் சொல்லலாம். இரண்டும் ஒரே நிகழ்வுதான், ஆனால் நடுவில் ஒரு முழ இடைவெளி கிடைக்கிறது. ‘பிடிக்கிறான்’ என்பதற்குப் பதில் ‘பிடிக்கப் பார்க்கிறான்’ என்றதில் மற்றவர் மறுப்பதற்கும் இடம் விடப்படுகிறது. ஆட்டம் முடிந்தபின் பாத்திரப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரால் அழைத்துப் பேசுவதும், தேநீர் குடித்துக்கொண்டே வேறு ஊர்க்கதை பேசுவதும் உதவும்.

வயதும் இணையமும்

கல்லூரி விடுதி மேசையை விட இன்று பலர் டிஸ்கார்டு போன்ற தளங்களில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறார்கள். அங்கே எதிரே இருப்பவர் நெளிவதும் தெரியாது, அவருடைய வயதும் தெரியாது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாதவர் எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அந்த வயதுக்குட்பட்டவர் இருக்கும் ஆட்டத்தில், இருக்கலாம் என்ற ஐயம் உள்ள ஆட்டத்திலும், பாலுறவு ஒரு கோடு. இதில் குழுவாகப் பேசி முடிவெடுக்க ஒன்றுமில்லை. ஆட்டத்தைச் சாக்கிட்டுத் தனிச்செய்திக்கு அழைத்துக் காதல் காட்சி ஆடலாம் என்று கேட்பவரிடமிருந்து விலகி, அந்தத் தளத்தின் மேற்பார்வையாளரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்கள் மட்டும் ஆடும் குழுவுக்கு, மான்டி குக் கேம்ஸ் 2019இல் இலவசமாக வெளியிட்ட ‘கன்சென்ட் இன் கேமிங்’ நல்ல தொடக்கம். ஷானா ஜெர்மெயின், ஷான் கே. ரெனால்ட்ஸ் இருவரும் எழுதிய சிறுநூல் அது. அதன் இறுதியில் உள்ள படிவத்தை ஒவ்வொருவரும் நிரப்பி ஆட்ட நடத்துநரிடம் தர வேண்டும். பச்சை என்றால் தாராளமாக வரலாம், மஞ்சள் என்றால் திரைக்குப் பின்னால் நடக்கட்டும் அல்லது முதலில் பேசிக்கொள்வோம், சிவப்பு என்றால் வேண்டவே வேண்டாம். காதல் ஆட்டக்காரர்களின் பாத்திரங்களுக்குள்ளா, நடத்துநரின் பாத்திரங்களோடா என்று பிரித்துக் கேட்பது அதன் சிறப்பு. ஒருவர் சத்திரக்காரரின் மகளோடு கொஞ்சிப் பேசத் தயாராக இருப்பார். பக்கத்து நாற்காலியில் இருக்கும் வகுப்புத் தோழரோடு அதே வசனத்தைப் பேச அவருக்கு மனம் வராது. படிவங்களில் ஒரேயொரு சிவப்பு இருந்தாலும் அந்தப் பொருள் கதையில் வராது. சிவப்பு யாருடையது என்பதை நடத்துநர் மற்றவர்களிடம் சொல்லக் கூடாது.